கிண்ணத்தில் நார் எழுந்த இரண்டு இடங்கள்

அரக்கின் முதல் பூச்சு காய்ந்த மறுநாள் காலையில், பட்டறையின் கிழக்கு ஜன்னலருகே, நான் கடைந்த மாமரக் கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, அதன் வெளிச்சுவரில் நேரெதிராக இரண்டு இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த திட்டுகள் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் தேன் நிறத்தில் மின்ன, அவை மட்டும் எண்ணெய் ஊறிய துணியைப்போல மங்கிக் கிடந்தன. விரலால் தடவினால் பூனையின் நாக்கைப்போலச் சொரசொரத்தன. ஐந்து மாதம் உலர வைத்த மரம். மூன்று மணி நேரம் உப்புத்தாள் தேய்த்த கை. அதற்குப் பிறகும் அவை அங்கே இருந்தன. அவை எதனால் வந்தன, எப்படி நீங்கின என்பதை, மரக்கடைசலைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று நம்பி எழுதி வைக்கிறேன்.

நான் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகள் இரும்பு லேத்தில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பிய பிறகு, ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் நான்கு படிகள் கொண்ட பெல்ட் புல்லியும் உள்ள பழைய மர லேத் ஒன்றை வாங்கி வீட்டின் பின்புறக் கொட்டகையில் நிறுத்தினேன். நிமிடத்துக்கு 450, 750, 1150, 1700 சுற்று என நான்கு வேகங்கள் அதில் உண்டு. இரும்பு லேத்தில் உளியை டூல் போஸ்ட் பிடித்துக்கொள்ளும். இதில் உளித்தாங்கியின்மேல் சாய்த்து நம் கைதான் பிடிக்க வேண்டும். அந்த வேறுபாடு எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு என்பது இந்தக் கிண்ணத்தில்தான் புரிந்தது. இரும்பை எந்தப் பக்கமிருந்து சீவினாலும் அது ஒரே இரும்பு. மரத்துக்கு நார் உண்டு, நாருக்குத் திசை உண்டு.

மரம் காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள ஒரு மாந்தோப்பிலிருந்து வந்தது. பழைய மரங்களை எடுத்துவிட்டு அடர் நடவு செய்வதற்காகப் பங்குனிக் கடைசியில் சில மரங்களை வெட்டினார்கள். அவற்றில் ஒன்று பெங்களூரா, அதாவது கிளிமூக்கு மாங்காய் காய்க்கும் மரம். எங்கள் மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளுக்குப் பெருமளவில் போகும் ரகம் அது. வெட்டிய மாமரம் பெரும்பாலும் விறகுக்கும் பழப்பெட்டிப் பலகைக்குமே போகிறது. தோப்புக்காரரின் தாயார், அவருக்கு எண்பது வயதை நெருங்கியிருக்கும், அடிமரத்தில் ஒரு முழத் துண்டை எனக்காக ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தார். “நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப இந்த மரம் என் இடுப்பு உசரம்தான் தம்பி, எதாச்சும் ஒண்ணு செஞ்சு குடு, வீட்டுல இருக்கட்டும்” என்றார். வேறு எந்தத் துண்டாக இருந்தாலும் முதல் தவறோடு தூக்கிப் போட்டிருப்பேன். இதைப் போட முடியவில்லை.

துண்டு ஆடி மாதம்வரை தோப்பிலேயே நிழலில் கிடந்தது. மாமரம் வெட்டிய பின் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை விரைவில் உள்ளே புகுந்துவிடும். வெவ்வேறு பூஞ்சைக் கூட்டங்கள் மரத்துக்குள் சந்திக்கும் இடங்களில் தத்தம் எல்லையைக் காத்துக்கொள்ளக் கறுப்பு நிறத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்கின்றன. அறுத்துப் பார்த்தால் பேனாவால் வரைந்த வரைபடம்போல இருக்கும். அழகான பொருளுக்கு இந்தக் கோடுகளே பெரிய மூலதனம். ஆனால் கோடு இருக்கும் மரத்தில் பூஞ்சை தின்ற பகுதி சற்று மென்மையாகியிருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ணியிருக்க வேண்டும். அன்று என் கண் கோட்டை மட்டுமே பார்த்தது.

அறுவை மில்லில் இருந்த முதியவர், துண்டை நெடுக்காகப் பிளக்கும்போது நடுவிலிருந்து இருபுறமும் அரை அங்குலம் தள்ளி அறுக்கச் சொன்னார். “நடுவை விட்டுட்டு அறுத்தாத்தான் தங்கும்” என்பது அவர் வாக்கு. அதற்குக் காரணம் எளிது. மரம் காயும்போது நாரின் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது. ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்கும் அளவைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. நடுமையம் துண்டுக்குள்ளேயே இருந்தால் இந்த இரண்டு இழுப்புக்கும் இடையில் அது வெடிக்காமல் தப்புவது கடினம். பிளந்த பாதியிலிருந்து 260 மில்லிமீட்டர் விட்டமும் 110 மில்லிமீட்டர் கனமும் உள்ள வட்டை ஒன்றை வெட்டி எடுத்தேன். கிண்ணத்தின் வாய் மரத்தின் நடுப்பக்கமாகவும் அடி பட்டைப் பக்கமாகவும் வரும்படி வைத்தேன்.

பச்சை மரத்தைக் கடைவது இன்பமான வேலை. லேத்தின் சுழலும் தண்டில் மாட்டும் பேஸ் பிளேட் என்ற தட்டைத் திருகாணிகளால் வாய்ப்பக்கத்தில் இறுக்கி, லேத்தின் எதிர்முனையில் உள்ள டெயில் ஸ்டாக் என்ற நகரும் தாங்கியை மறுபக்கம் முட்டுக் கொடுத்து, 450 சுற்றில் தொடங்கினேன். துண்டு வட்டமான பிறகு 750க்கு மாற்றினேன். விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் எண் 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது கடைசல்காரர்கள் பின்பற்றும் கணக்கு. பத்து அங்குல வட்டைக்கு 750 அந்த எல்லைக்குள் வருகிறது, 1150 வராது. அவசரத்தில் புல்லியின் கடைசிப் படியில் பெல்ட்டைப் போட்டுவிட்டால் வட்டையின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் ஒரு சில்லு தெறித்தால் என்ன ஆகும் என்று தொழிற்சாலையில் பார்த்தவன் என்பதால், லேத்தைப் போடுவதற்குமுன் பெல்ட் எந்தப் படியில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன். முகத்தை மூடும் கண்ணாடி மறைப்பும் கட்டாயம் அணிகிறேன்.

அடியில் 80 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு குமிழை விட்டுக் கடைந்தேன். பிறகு துண்டைத் திருப்பி அந்தக் குமிழைச் சக் என்ற, தாடைகளுள்ள பிடிப்பான் கவ்விக்கொள்ளும்படி மாட்டி உள்ளே குடைந்தேன். குமிழின் அடி சக்கின் தரையைத் தொடக் கூடாது. குமிழைச் சுற்றியுள்ள தோள்பகுதிதான் தாடைகளின்மேல் அமர வேண்டும். சுவரை 25 மில்லிமீட்டரில் நிறுத்தினேன். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டால், காயும்போது நெளிந்தாலும் மீண்டும் வட்டமாக்க மரம் மிஞ்சியிருக்கும். அன்று மாலை மணிக்கட்டு இரண்டும் தடித்துச் சிவந்தன. மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். மாம்பால் பட்டால் புண்ணாகும் என்று சிறுவயதிலிருந்தே தெரிந்தும், பச்சை மரத்தின் சாறும் அதையே செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு முழுக்கைச் சட்டையும் மூக்கை மூடும் முகமூடியும் இல்லாமல் மாமரத்தைத் தொடவில்லை.

உளுத்துப் போகாமல் இருக்க வெண்காரக் கரைசலை இருமுறை பூசினேன். மாமரத்தில் வண்டு துளைத்துப் பொடி கொட்டுவது மிகச் சாதாரணம். அது ஆறிய பின் நாரின் முனைகள் தெரியும் இரண்டு பக்கங்களிலும் உருக்கிய மெழுகைத் தடவினேன். நீர் முதலில் வெளியேறுவது நாரின் முனை வழியாகத்தான். அந்த வாயை அடைத்தால் மரம் சீராகக் காயும். ஆடிக் காற்று படாதபடி கிண்ணத்தைக் கோணிப்பைக்குள் சீவல்களோடு வைத்துக் கட்டினேன். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் கொட்டகைச் சுவரில் எழுதினேன். தொடக்கத்தில் 1460 கிராம். முதல் வாரத்தில் 170 கிராம் குறைந்தது; பிறகு வாரத்துக்கு வாரம் குறைவு சிறிதாகிக்கொண்டே வந்தது. ஐப்பசி மழையில் எடை 8 கிராம் கூடியது; மரம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டதே காரணம். கார்த்திகைக் கடைசியில் 1010ல் நின்றது. பொங்கல் கழிந்து எடுத்துப் பார்த்தபோதும் அதே எடை. விட்டம் அளக்கும் கேலிபரை வைத்துப் பார்த்தால் நார் ஓடும் திசையில் விட்டம் 249, அதற்குக் குறுக்கே 242. விரிசல் எங்கும் இல்லை.

அடுத்து வந்த வேலையில்தான் நான் தவறினேன். உலர்ந்த மரம் பச்சை மரத்தைவிடக் கடினம். உளி எளிதில் மரத்துக்குள் பாய்ந்து கவ்விக்கொள்ளும் என்ற அச்சம் இருந்தது. அதனால் குழிந்த வாயுள்ள கடைசல் உளியை வைத்துவிட்டு, தட்டையான சுரண்டு உளியை எடுத்து, இரும்பு லேத்தில் பழகிய வழக்கப்படி நடுக்கோட்டு உயரத்தில் நேராகப் பிடித்துச் சுரண்டினேன். வாயிலிருந்து அடிக்கும் அடியிலிருந்து வாய்க்குமாகக் கை போன போக்கில் ஓட்டினேன். சுருள் வரவில்லை, பொடிதான் கொட்டியது. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கிண்ணத்தில் நார் தரைக்கு இணையாக, வட்டையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடுகிறது. ஆகவே ஒரு சுற்றுக்குள் உளி இரண்டு இடங்களில் நாரின் பக்கவாட்டைச் சந்திக்கும், இரண்டு இடங்களில் நாரின் முனையை நேருக்கு நேர் சந்திக்கும். கேழ்வரகுத் தாளைக் கட்டாகக் கட்டி, கட்டின் முனையை அரிவாளால் சாய்வாகச் சீவுவதாக நினைத்துப் பாருங்கள். கட்டின் நடுவயிற்றிலிருந்து முனையை நோக்கிச் சீவினால், வெட்டுப்படும் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் அதைவிட நீளமான தாள் தாங்கிக் கொடுக்கும். வெட்டு வழவழப்பாக விழும். முனையிலிருந்து உள்நோக்கிச் சீவினால் தாளுக்குத் தாங்கல் கிடையாது. வெட்டுப்படாமல் வளையும், பிய்யும். கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடியிலிருந்து வாயை நோக்கியும், உள்பக்கம் வாயிலிருந்து நடுவை நோக்கியும் கடைய வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இதுதான். நான் வெளிப்பக்கத்தை இரு திசையிலும் சுரண்டினேன். பக்கவாட்டு நார் பொறுத்துக்கொண்டது. முனை தெரியும் இரண்டு இடங்களிலும், அதிலும் பூஞ்சை மென்மையாக்கியிருந்த பகுதியில், நார் அடியோடு பிய்ந்து எழுந்தது.

அந்தப் பிய்தலை உப்புத்தாள் தீர்க்கும் என்று நம்பினேன். மிகச் சொரசொரப்பான 80ஆம் எண் தாளை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். மென்மையான பகுதி விரைவில் தேய்ந்தது, கடினமான பகுதி நின்றது. கிண்ணம் மெல்ல வட்டம் இழந்தது. சூடு ஏறிய இடத்தில் மயிரிழையளவு வெடிப்பு ஒன்றும் வரத் தொடங்கியது. பிய்ந்த நாரின் குழி சுவருக்குள் அரை மில்லிமீட்டருக்கும் மேல் இறங்கியிருந்ததால், மேலிருந்த மரத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேனே தவிர, குழியின் அடியை எட்டவே இல்லை. 320வரை தேய்த்து முடித்தபோது கைக்கு ஓரளவு மென்மையாகத் தெரிந்தது. திறந்து நின்ற நார்முனைகள் அரக்கை உறிஞ்சியதும் திட்டுகளாக வெளிப்பட்டன.

என்னை ஏமாற்றியதில் இன்னொன்றுக்கும் பங்கு உண்டு. ஓசூரில் இருந்த நாள்களில், மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற கர்நாடகத்துச் சன்னபட்டணாவுக்குப் போய் அரக்குக் கடைசலைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சுழலும் வெட்பாலை மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படரும். பிறகு தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு வரும். அவ்வளவு எளிதாக வரும் மெருகு எனக்கு ஏன் வரவில்லை என்று குழம்பினேன். வெட்பாலை வெண்மையான, நெருக்கமான, சீரான மரம். அதோடு, அந்தப் பொம்மைகளில் நார் லேத்தின் அச்சுக்கு இணையாக ஓடும்படி மரத்தை மாட்டுகிறார்கள். அங்கே ஒரு சுற்றுக்குள் நார்முனை வருவதும் மறைவதுமாக மாறுவதில்லை. சுற்று முழுவதும் ஒரே நார், ஒரே வெட்டு. கிண்ணத்தின் சிக்கல் அவர்களுடைய வேலையில் அப்படி எழவே எழாது.

திருத்த வேலைக்கு முதலில் அரக்கை ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்தேன். பிறகு கடைசல் உளிக்குச் சாணை பிடித்தேன். வாயின் சரிவு ஏறத்தாழ 50 பாகையில் ஒரே முகமாக வரும்வரை சாணைக்கல்லில் ஓட்டி, எண்ணெய்க் கல்லில் விளிம்பைத் தீட்டி, நகத்தின்மேல் வைத்தால் வழுக்காமல் நிற்கிறதா என்று பார்த்தேன். அதன் பிறகு, பிய்ந்த இரண்டு இடங்களிலும் தண்ணீரைப்போல நீர்த்த அரக்கைத் தடவிக் காயவிட்டேன். அரக்கு உள்ளே ஊறி, தளர்ந்து நிற்கும் நாரை விறைக்கச் செய்யும். வளைந்து கொடுக்காத நார் வெட்டுப்படும். இந்த ஒரு வேலை எனக்குக் கொடுத்த பயன், வேறு எந்த நுணுக்கத்தைவிடவும் பெரிது என்று உறுதியாகச் சொல்வேன்.

750 சுற்றில் லேத்தை ஓடவிட்டு, உளியின் கைப்பிடியை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, முதலில் சாணைச் சரிவின் முதுகு மட்டும் மரத்தைத் தொடும்படி வைத்தேன். அந்த முதுகு மரத்தில் சாய்ந்திருக்கும்வரை உளி கவ்வாது. முதுகு மரத்தை விட்டு விலகிய நொடியில்தான் வாய் மரத்துக்குள் பாயும். கைப்பிடியை மெதுவாக உயர்த்தியதும் நூல் பிரிவதுபோல ஒரு மெல்லிய சுருள் எழுந்தது. அடியிலிருந்து வாய்வரை ஒரே மூச்சில், கையை அசைக்காமல், உடம்பை மட்டும் நகர்த்திக் கொண்டுபோனேன். முதல் ஓட்டத்தில் இரண்டு இடங்களிலும் உளி “தட் தட்” என்று தட்டியது. மறுபடி அரக்கு, மறுபடி சாணை, மறுபடி ஓட்டம். நான்காவது ஓட்டத்தில் அந்தத் தட்டும் ஓசை அடங்கி, சுற்று முழுவதும் ஒரே சீறலாக ஒலித்தது. லேத்தை நிறுத்திப் பார்க்கும்முன்பே வெட்டு சரியாக விழுந்துவிட்டது என்று காது சொல்லிவிட்டது. தொழிற்சாலையில் கற்ற அந்தப் பழக்கம் இங்கும் பயன்பட்டது.

உள்பக்கத்தை வாயிலிருந்து நடுவுக்குக் கடைந்தேன். விளிம்பு மெலிந்த பிறகு அது நடுங்கத் தொடங்கும் என்பதால், மேலிருந்து ஓர் அங்குலம் இறுதிக் கனத்துக்குக் கொண்டுவந்து முடித்த பிறகே அடுத்த அங்குலத்துக்கு இறங்கினேன். 10 மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய சுவர், திருத்த வேலையில் 7 ஆகிவிட்டது. விட்டம் 236, உயரம் 88. இப்போது பார்க்கையில் 7 மில்லிமீட்டர்தான் இந்த வடிவத்துக்குப் பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது.

இம்முறை உப்புத்தாளை 150ஆம் எண்ணிலிருந்து தொடங்கினால் போதுமாக இருந்தது. 150, 180, 240, 320, 400 என்று ஒன்றையும் தாண்டாமல் போனேன். 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழுந்த நாரைக் காயவிட்டுத் தேய்த்தேன். அந்த இரண்டு இடங்களையும் லேத்தை நிறுத்தி, நார் ஓடும் திசையில் கையால் தனியாகத் தேய்த்தேன்.

மெருகுக்கு 100 மில்லிலிட்டர் ஸ்பிரிட்டில் 20 கிராம் செதில் அரக்கைப் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். கரைத்த அரக்கு சில மாதங்களில் கெட்டு, பூசினாலும் காயாமல் பிசுபிசுக்கும். அதனால் தேவைக்கு மட்டும் கரைப்பது நல்லது. பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, லேத்தை நிறுத்தி வைத்துத்தான் பூசினேன். சுழலும் மரத்தருகே துணியைக் கையில் சுற்றிக்கொண்டு போகவே கூடாது. துணி மாட்டினால் விரலும் கூடவே போகும். தை மாதக் காலைப்பனியில் பூசினால் ஈரம் அரக்குக்குள் அகப்பட்டு வெண்மை படரும் என்பதால், வெயில் ஏறிய பிறகு, பகல் பதினொரு மணிக்குமேல், நாளுக்கு இரண்டு பூச்சு வீதம் ஆறு பூச்சு கொடுத்தேன். இடையிடையே 400ஆம் எண் தாளை மெல்ல ஓட்டினேன். கடைசியில் தேன்மெழுகைத் தேய்த்துத் துடைத்தேன். கறுப்புக் கோடுகள் தேன் நிறத்தின்மேல் மையிட்டதுபோல எழுந்து வந்தன.

அடிக்குமிழை நீக்க, பழைய பலகை வட்டொன்றில் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டி, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, டெயில் ஸ்டாக்கால் அழுத்திப் பிடித்துக் கடைந்தேன். அடி ஒரு வளையத்தின்மேல் நிற்கும்படி நடுவைச் சற்றுக் குழிவாக்கினேன். நடுவில் மிஞ்சிய சிறு முனையைக் கையுளியால் நறுக்கி எடுத்து, “பெங்களூரா மா, காவேரிப்பட்டணம்” என்று சூட்டுமுனையால் எழுதினேன். முடிந்த கிண்ணத்தின் எடை 340 கிராம்.

தோப்பு வீட்டில் கொடுத்தபோது, “இதுல மாம்பழம் வைக்கலாமா தம்பி?” என்று அம்மா கேட்டார். ஈரமும் சூடும் அரக்குக்கு ஆகாது, பழத்தின் காம்புப் பால் பட்டாலும் மெருகு கெடும், உலர்ந்த பொருள் எதுவானாலும் வைக்கலாம் என்று சொன்னேன். அவர் உள்ளே போய், பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளை ஒரு பையோடு கொண்டுவந்து அதில் கொட்டினார். மூன்று வாரம் கழித்துப் போனபோது கேலிபரை எடுத்துப் போயிருந்தேன். நாரின் திசையில் 236, குறுக்கே 235. மாலை வெயில் சாய்வாக விழும்போது, இரண்டு இடங்களில் ஒன்றில், விரல்நுனி அளவுக்கு, மற்ற மரத்தைவிடச் சற்று இருண்ட நிறம் இன்னும் தெரிகிறது. தடவினால் வழவழப்பாகவே இருக்கிறது.